மூன்றாவது வகுப்பில் வந்த படபடப்பு

கேள்வி: எனக்கு 37 வயது. வீடு காட்பாடியில், ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். 8 மாதத்துக்கு முன்னால் வேலையில் இருக்கும்போதே நெஞ்சு அடைத்து, கை மரத்து, இதோ உயிர் போகப்போகிறது என்று ஆகிவிட்டது. ஈசிஜி, எக்கோ, தைராய்டு, ரத்த சோகை எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. பேனிக் (திடீரென்று வரும் கடும் பதற்றம்) என்று சொல்லி, அதற்குத் தினமும் சாப்பிடும் மாத்திரை எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. கொடுத்தார்கள், 5 மாதமாகச் சாப்பிடுகிறேன். அவசரத்துக்கு, பதற்றத்தை உடனே தணிக்கும் அல்பிரசோலம் 0.25 மி.கி. மாத்திரை பையில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலூரில் ஒரு மேடத்திடம் உளவியல் சிகிச்சை. அவர்தான் பிலாட்டிஸும் (மூச்சோடு சேர்த்துப் பாயில் செய்யும் ஒரு உடற்பயிற்சி முறை) சேர்த்துச் செய்யச் சொன்னார். கம்பெனி பஸ் வரும் வழியில் சத்துவாச்சாரியில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். முதல் இரண்டு வகுப்பும் நன்றாகவே போயிற்று. பயந்துகொண்டு போவதற்கு முன் அல்பிரசோலம் போட்டிருந்தேன். மூன்றாவது நாள் போடாமல் போனேன். மல்லாந்து படுத்து, தலையையும் காலையும் தூக்கி, கைகளை மேலும் கீழும் அடித்தபடி 100 வரை எண்ணச் சொன்னார்கள். 40 தாண்டுவதற்குள் அதே படபடப்பு. எழுந்து உட்கார்ந்து அழுதுவிட்டேன். பயிற்சியாளர், "உள்ள அடைஞ்சு கிடந்ததெல்லாம் வெளிய வருது, விட்டுடுங்க" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு போகவில்லை. "காசு கொடுத்துத் தரையில உருளணுமா, யோகா பண்ணா ஆகாதா?" என்கிறார் மாமியார். படபடப்பைக் கிளப்புகிற பயிற்சி எப்படிப் படபடப்புக்கு நல்லதாகும்? வீட்டிலேயே செய்யலாமா? செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றாவது வகுப்பிலிருந்தே தொடங்குகிறேன். அன்று உங்கள் உடம்பில் என்ன நடந்தது என்று புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளுக்கு விடை சொல்வது எளிது.

உங்களைச் செய்யச் சொன்ன பயிற்சிக்கு 'ஹண்ட்ரட்' என்று பெயர். 5 எண்ணுக்கு மூச்சை இழுத்து, 5 எண்ணுக்கு விட்டு, கைகளை அடித்துக்கொண்டே இப்படி 10 சுற்று போனால் 100 ஆகும். பிலாட்டிஸ் பாய்ப் பயிற்சி வரிசையில் இதுதான் முதலில் வரும். அதனாலேயே பல இடங்களில் புதிதாக வந்தவருக்கும் இதையே முதலில் கொடுத்துவிடுகிறார்கள். பழகிய உடம்புக்கு இது சூடேற்றும் பயிற்சி. பதற்ற நோய் உள்ளவருக்கோ பேனிக் வருவதற்கான எல்லா அறிகுறிகளையும் ஒரே நேரத்தில் வரவழைக்கும் பயிற்சி.

எப்படி என்று பாருங்கள். தலை தரையிலிருந்து உயர்ந்திருக்கிறது. கழுத்துத் தசை இறுகி, தொண்டையை யாரோ பிடித்தது போல் இருக்கும். கால் இரண்டும் அந்தரத்தில் நிற்பதால் வயிறு முழு பலத்தோடு இறுகும்; வயிறு அப்படி இறுகினால் மூச்சு கீழ் விலா வரை இறங்காது, மேல் நெஞ்சிலேயே நிற்கும். அது போதவில்லை என்று தோன்ற, நீங்கள் இன்னும் பெரிதாக இழுத்திருப்பீர்கள். உடம்புக்குத் தேவையானதைவிட அதிகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் தலை லேசாகும், உதடும் விரல் நுனியும் மரக்கும், நெஞ்சு இறுகும். முதல் தடவை லைனில் வந்தபோது கை மரத்ததும் பெரும்பாலும் இதனால்தான். மனம் அந்த மரப்பை அடையாளம் வைத்திருக்கிறது. சத்துவாச்சாரியில் பாய்மேல் அதே மரப்பு வந்ததும், 'அன்றைக்கு வந்தது மறுபடி வந்துவிட்டது' என்று வாசித்துவிட்டது. அந்த வாசிப்புதான் இதயத்தை இன்னும் வேகமாக ஓட்டியது.

ஆகவே, உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. வரிசை தவறு. பத்தாவது பாடத்தை மூன்றாவது நாளில் நடத்திவிட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. முதல் இரண்டு வகுப்பும் நன்றாகப் போயின என்கிறீர்கள். அந்த நன்மை யார் கணக்கில் சேர்ந்தது? மாத்திரையின் கணக்கில். 'பயிற்சி செய்தேன், மூச்சு வாங்கியது, ஒன்றும் ஆகவில்லை' என்று மனம் கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில், 'மாத்திரை போட்டதால் பிழைத்தேன்' என்று கற்றுக்கொண்டது. மூன்றாவது நாள் மாத்திரை இல்லாமல் படுத்தபோது, இரண்டு வகுப்பின் அனுபவமும் கைகொடுக்கவில்லை. பதற்ற நோய்க்கான உளவியல் சிகிச்சையில் இதைப் பாதுகாப்பு நடத்தை என்போம். தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்திருப்பது, கதவோரம் பாய் விரிப்பது, படுத்ததும் இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து நாடி பார்ப்பது, போன் திரை மேல்பக்கம் தெரியும்படி பக்கத்தில் வைப்பது எல்லாம் அந்த வகைதான். ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு ஆறுதல் தரும். ஆனால் 'இது இல்லாமலும் எனக்கு ஒன்றும் ஆகாது' என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை எடுத்துவிடும். அதோடு அல்பிரசோலம் நிதானத்தையும் சமநிலையையும் சற்றுக் குறைக்கும். நின்று செய்யும் பயிற்சிகளில் தடுமாறி விழ வாய்ப்புண்டு. வகுப்புக்கு முன் போட்டுக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கொடுத்தது அவசரத்துக்கு; வகுப்புக்கு அல்ல.

அழுகையைப் பற்றி. அது உங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. படபடப்பு உச்சிக்குப் போய் இறங்கும்போது அழுகை வருவது மிகச் சாதாரணம். பலர் பார்க்கும்போது வந்தால் வெட்கமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் 'உள்ளே அடைந்து கிடந்தது வெளியே வருகிறது' என்ற விளக்கத்தை ஏற்க வேண்டாம். இடுப்புத் தசையிலோ தோளிலோ பழைய துக்கம் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது, உருட்டினால் வழிந்துவிடும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம் அல்ல. பயிற்சியாளர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்த நேரத்தில் அவர் செய்ய வேண்டியிருந்தது வேறு: பயிற்சியை நிறுத்தி, உங்களை உட்காரவைத்து, இரண்டு பாதமும் தரையைத் தொடச் செய்து, கண்ணைத் திறந்து அறையில் உள்ள 4, 5 பொருளின் பெயரைச் சொல்லச் செய்து, பிறகு 'தொடரலாமா, இன்றைக்குப் போதுமா' என்று கேட்பது. அழுகைக்கு என்ன பொருள் என்று தேடும் இடம் மேடத்தின் அறை. பிலாட்டிஸ் வகுப்பு இல்லை.

இனி முதல் கேள்வி. படபடப்பைக் கிளப்புகிற பயிற்சி படபடப்புக்கு நல்லதாகுமா? ஆகும். கிளப்புவதால்தான் ஆகும். பேனிக் நோய்க்கான உளவியல் சிகிச்சையிலேயே, இதயத் துடிப்பு, மூச்சு வாங்கல், தலைச்சுற்றல் ஆகியவற்றை வேண்டுமென்றே சிறிய அளவில் வரவழைத்துப் பழக்கும் பகுதி உண்டு. நின்ற இடத்தில் 1 நிமிடம் ஓடச் சொல்வோம். நாற்காலியில் சுற்றச் சொல்வோம். மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொல்வோம். அந்த உணர்வும் ஆபத்தும் ஒன்றல்ல என்பதை மனம் வாதத்தால் ஏற்காது, அனுபவத்தால்தான் ஏற்கும். பிலாட்டிஸ் இதற்கு ஏற்ற கருவி. காரணம், அதில் எல்லாவற்றையும் அளந்து கொடுக்கலாம். தலையைத் தூக்காமல் செய்யலாம், ஒரு காலை மட்டும் தூக்கலாம், 100-க்குப் பதில் 20 எண்ணலாம். கண் திறந்தே இருக்கும். எண்ணிக்கை இருப்பதால் எப்போது முடியும் என்பது முன்கூட்டியே தெரியும். பதற்றம் உள்ளவருக்கு இது பெரிய ஆறுதல்.

இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டிஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர், சிறுவயதில் ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் முகாமில் அடைபட்டிருந்த காலத்திலும் பயிற்சிகளைத் தொடர்ந்தார். 1920-களில் நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் தொடங்கினார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி', அதாவது கட்டுப்பாட்டுக் கலை. மனநோய்க்கு மருந்தாக அவர் இதை உருவாக்கவில்லை. உடற்பயிற்சி பொதுவாக மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது; பிலாட்டிஸுக்கென்று தனியாக நடந்த ஆய்வுகள் சிறியவை, ஆனால் அதே திசையில்தான் காட்டுகின்றன. அதனால் உளவியல் சிகிச்சைக்குத் துணையாக வைக்கலாம். அதற்குப் பதிலாக வைக்க முடியாது. யோகா ஆகாதா என்ற உங்கள் மாமியாரின் கேள்வியும் நியாயமானதுதான். நன்றாகத் தெரிந்த யோகா ஆசிரியர் இருந்து, படிப்படியாக, நிறுத்தும் உரிமையோடு செய்ய முடியுமானால் அதுவும் போதும். எது வாரம் 3 நாள் தவறாமல் நடக்குமோ அதுவே உங்களுக்கு நல்லது. உங்கள் மேடத்துக்குப் பிலாட்டிஸ் பயிற்சியின் படிகள் தெரிந்திருக்கின்றன போலும். அதனால் இதைத் தேர்ந்திருக்கிறார்.

வீட்டில் செய்யலாமா? முதல் 4 வாரம் வீடுதான் நல்லது. 20 நிமிடம், வாரம் 3 நாள். காலை 6 மணிக்குள் முடியும்படி வையுங்கள். வேலூர்ப் பக்கத்து வெயிலில் மாலை 5 மணிக்கு மொட்டை மாடி அறையில் செய்தால், வெப்பத்தாலேயே இதயம் வேகமாகத் துடிக்கும். மனம் அதையும் தவறாக வாசிக்கும். கத்திரி வெயில் நாட்களில் விசிறி ஓடும் கீழ் அறையில் மட்டும் செய்யுங்கள். சாப்பிட்டு 2 மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். காபியைப் பயிற்சிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நைட்டி காலில் சிக்கும். சுடிதார் போதும், துப்பட்டா வேண்டாம். மொசைக் தரையில் மெல்லிய பாய் மட்டும் போட்டால் முதுகெலும்பு உறுத்தும். பாயின் மேல் ஜமுக்காளத்தை இரண்டு மடிப்பாகப் போடுங்கள். தலைக்குக் கீழே 2, 3 செ.மீ. உயரத்துக்கு மடித்த துண்டு. அது இல்லாவிட்டால் முகவாய் மேலே தூக்கி, தொண்டை இழுபட்டு, மூச்சு முட்டுவது போல் இருக்கும்.

முதலில் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு. ஒரு தேங்காய்ப்பூத் துண்டைக் கீழ் விலாவைச் சுற்றிப் போட்டு, முனைகளை முன்னால் குறுக்காகப் பிடியுங்கள். மூக்கால் 3 எண்ணுக்கு இழுக்கும்போது துண்டு பக்கவாட்டில் லேசாக இறுக வேண்டும். உதட்டைக் குவித்து 5 எண்ணுக்கு விடும்போது தளர வேண்டும். 6 முறை. இழுப்பது நடுத்தரமாக இருக்கட்டும். 'ஆழமாக இழு' என்று எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்கு அது எதிர்விளைவு. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும், அதனால்தான் விடுவதை நீளமாக வைக்கிறோம். தோள் காதை நோக்கி ஏறினால் மேல் நெஞ்சால் இழுக்கிறீர்கள் என்று பொருள். விரல் மரத்தால் மூச்சைப் பெரிதாக்காதீர்கள், சிறிதாக்குங்கள்.

பிறகு படுத்து, முழங்காலை மடித்து, பாதங்களை இடுப்பு அகலத்தில் வையுங்கள். அடிவயிற்றின் மேல் ஒரு கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: தொப்புள் பக்கம் 12, கால் பக்கம் 6. மூச்சை விட்டபடி இடுப்பை 12 பக்கம் சாய்த்தால் கீழ்முதுகு பாயில் படியும். இழுத்தபடி நடுவுக்கு வாருங்கள். 8 முறை. அசைவு 2 விரல் அளவு போதும். பிட்டத்தை இறுக்கித் தூக்காதீர்கள்.

அடுத்தது உங்களுக்கு மிக முக்கியமானது: வயிற்றை எவ்வளவு இறுக்குவது என்பது. இடுப்பெலும்பு முனைக்கு உள்பக்கம் இரண்டு விரலை வைத்து லேசாகச் செருமுங்கள். விரலுக்குக் கீழே ஒரு தசை துள்ளும். அந்தத் துள்ளலை முழு பலம் என்று 10 மதிப்பெண் கொடுத்தால், பயிற்சியில் 3 மதிப்பெண் அளவுக்குத்தான் இறுக வேண்டும். சரியாக இருக்கிறதா என்று அறிய, இறுக்கியபடியே ஒன்றிலிருந்து பத்து வரை சத்தமாக எண்ணுங்கள். குரல் நெரிந்தால் அதிகம். பிலாட்டிஸில் தொடக்கக்காரர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் முதன்மையானது. மூச்சடைப்பதும் கழுத்து வலியும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன.

அந்த 3 மதிப்பெண் இறுக்கத்தோடு, மூச்சை விட்டபடி ஒரு காலை மடித்த நிலையிலேயே தூக்கி, தொடை செங்குத்தாக வரும்வரை கொண்டுவந்து, இழுத்தபடி இறக்குங்கள். காலுக்கு 5. அடுத்து பாலம்: பாதத்தை ஊன்றி, முதுகெலும்பை வால் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து உரித்தெடுப்பது போல் இடுப்பை உயர்த்தி, அதே போல் இறக்குவது, 5 முறை. பிறகு கை முழங்காலில் நின்று பூனை போல முதுகை வளைத்து நிமிர்த்துவது, 6 முறை. ஒருக்களித்துப் படுத்து மேல் கையைப் புத்தகம் திறப்பது போல் பின்னால் விரிப்பது, பக்கத்துக்கு 5. இதில் முதல் 2 வாரம் வலது பக்கம் படுத்து மட்டும் செய்யுங்கள். இடது பக்கம் படுத்தால் இதயத் துடிப்பு கூடுதலாகக் கேட்கும், அது இயல்பு. மூன்றாவது வாரத்தில் அதையே பயிற்சியாகச் சேர்ப்போம். முடிந்ததும் பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, 5 மூச்சுக்குப் பிறகு எழுந்திருங்கள். சட்டென்று எழுந்து வரும் தலைச்சுற்றலும் பேனிக் என்றே தோன்றும்.

ஐந்தாவது வாரம் ஹண்ட்ரடுக்குத் திரும்பலாம். மேடத்திடம் பேசி, படிகளை இருவருமாக எழுதிக்கொண்ட பிறகே. ஒரு மாதிரி வரிசை சொல்கிறேன். முதல் படி: தலையும் பாதமும் தரையில், கை மட்டும் அடிக்க, 20 எண்ணம், அதாவது 2 சுற்று. இரண்டாவது படி: அதே நிலையில் 50. மூன்றாவது: ஒரு கால் மட்டும் மடித்துத் தூக்கி 50. நான்காவது: இரு கால்களும் மடித்துத் தூக்கி, தலை தரையிலேயே, 50. ஐந்தாவது: தலையைத் தூக்கி 20. கடைசிப் படி: வகுப்பில், மற்றவர்கள் நடுவில், பையில் அல்பிரசோலம் இல்லாமல். ஒரு படியை 3 தனித்தனி நாளில் செய்தபின் அடுத்த படி. 'பதற்றம் 0 ஆனால்தான் அடுத்தது' என்று காத்திருக்க வேண்டாம். 10-க்கு 4, 5 இருந்தாலும் எண்ணிக்கையை முடிக்க முடிகிறதா என்பதே அளவு. நடுவில் படபடப்பு வந்தால், எண்ணிக்கையை முடித்துவிட்டு நிறுத்துங்கள். 31-இல் பயந்து எழுந்தால், 'எழுந்ததால் தப்பித்தேன்' என்று மனம் குறித்துக்கொள்ளும்.

ஒரு விலக்கு: உழைப்பின்போது மட்டும் வந்து ஓய்வில் விலகும் நெஞ்சு வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டி மயங்குதல், இதுவரை வராத வகை மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால் எண்ணிக்கையைப் பார்க்காமல் நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இத்தனையும் வெறும் உடற்பயிற்சியாகவே முடிந்துவிடாமல் சிகிச்சையாக மாற்றுவது ஒரு 40 பக்க நோட்டு. பாயில் உட்காரும் முன் இரண்டு வரி: என்ன ஆகும் என்று நினைக்கிறேன், எத்தனை சதவீதம் நம்புகிறேன். 'கை மரத்து மயங்கி விழுவேன், 70' என்பது போல. முடித்ததும் இரண்டு வரி: உண்மையில் என்ன ஆனது, எத்தனை நிமிடத்தில் தணிந்தது. பெரும்பாலானோர் 'நன்றாக இருந்தது', 'கஷ்டமாக இருந்தது' என்று எழுதிவிடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு சிகிச்சையில் எதுவும் செய்ய முடியாது. உடம்பில் எந்த இடத்தில், என்ன உணர்வு, அப்போது மனதில் ஓடிய வாக்கியம் என்ன, நான் என்ன செய்தேன் என்ற நான்கும் வேண்டும். '4-வது பாலத்தில் தொண்டை இறுக்கம். "மூச்சு நிற்கப் போகிறது". வாயைத் திறந்து பெரிதாக இழுத்தேன். அதிகமாயிற்று.' இப்படி ஒரு பதிவு மேடத்தின் கையில் கிடைத்தால் அன்றைய முக்கால் மணி நேரமும் பயனாகும். வேலையில் உங்களை இறுக்குவது எது, வீட்டில் எது என்ற பேச்சும் அங்கிருந்தே தொடங்கும். 'தவறே வரக்கூடாது' என்று வயிற்றை 10 மதிப்பெண்ணுக்கு இறுக்குகிறவர், லைனில் மணிக்கணக்கு எண்ணிக்கையை எழுதும் டார்கெட் போர்டின் முன்னாலும் அப்படித்தான் நிற்பார்.

அந்த போர்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் நோய் பாயில் தொடங்கவில்லை, லைனில் தொடங்கியது. பாயில் பழகியது லைனுக்குப் போய்ச் சேராவிட்டால் பாதிப் பயன்தான். மணிக்கணக்கு எண்ணிக்கையை எழுதப் போகும் ஒவ்வொரு முறையும், சாக்பீஸையோ மார்க்கரையோ எடுக்கும் முன், இரண்டு காலிலும் எடையைச் சமமாக வைத்து, முழங்காலைப் பூட்டாமல், 3 எண்ணுக்கு இழுத்து 5 எண்ணுக்கு விடும் மூச்சு மூன்று முறை. யாருக்கும் தெரியாது. படபடப்பை விரட்டுவதற்காக இதைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் இதுவும் இன்னொரு அல்பிரசோலம் ஆகிவிடும். படபடப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போர்டு எழுதும் நேரத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். டீ நேரத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து, முகவாயை மார்பை நோக்கி இறக்கி, முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் குனிந்து, முழங்கால் உயரம் வரை போய் வருவது 3 முறை. தையல் மெஷின்களின் மேல் நாள் முழுக்கக் குனிந்து பார்க்கும் கழுத்துக்கு இது தேவையும்கூட.

பயிற்சியாளரிடமும் மேடத்திடமும் எதை எவ்வளவு சொல்வது என்று பலருக்குக் குழப்பம். பயிற்சியாளருக்கு உங்கள் வாழ்க்கைக் கதை தேவையில்லை. மூச்சு வாங்கினால் பதற்றம் வரும், சிகிச்சையில் இருக்கிறேன், இன்னின்ன பயிற்சி இப்போது வேண்டாம் என்பது போதும். உடம்பைத் தொட்டுத் திருத்தும் முன் கேட்க வேண்டும் என்றும் சொல்லலாம்; அது உங்கள் உரிமை. மேடமும் பயிற்சியாளரும் நேரடியாகப் பேசிக்கொள்வதானால் உங்கள் எழுத்துச் சம்மதத்தோடு, பயிற்சி அளவு பற்றி மட்டும் பேசட்டும். நம் நாட்டில் பிலாட்டிஸ் கற்றுக்கொடுக்க அரசு உரிமம் எதுவும் கிடையாது. பிசியோதெரபி பட்டம் உள்ளவரா, எத்தனை மணி நேரப் பயிற்சி முடித்தவர் என்று தயங்காமல் கேளுங்கள். சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர் என்றால் அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். ஸ்பிரிங் வைத்த ரிபார்மர் மெஷின் இருக்கிறதா என்று பார்க்கவே வேண்டாம்; உங்கள் தேவைக்குப் பாய் போதும்.

மாமியாரை வெளியே நிறுத்தாதீர்கள். வேலூர் பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறை ஆரம்ப காலத்திலிருந்தே உண்டு. அந்த அனுபவம் நம் ஊருக்குப் புதிதல்ல. ஒரு நாள் அவரையும் பக்கத்தில் பாய் விரித்துப் பாலம் செய்யச் சொல்லுங்கள், எலும்புத் தேய்மானமோ உயர் ரத்த அழுத்தமோ இல்லாவிட்டால். உங்களுக்குப் படபடப்பு வரும்போது 'தண்ணி குடி, படு, டாக்டரைக் கூப்பிடவா' என்று ஓடிவராமல், 'எண்ணி முடி' என்று மட்டும் அவர் சொல்லக் கற்றுக்கொண்டால் அது பெரிய உதவி.

மாத்திரை. நிறுத்தாதீர்கள். எஸ்சிட்டலோபிராமைச் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு, எரிச்சல், தூக்கக் கேடு ஆகியவை வரலாம். அதை நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துப் பயிற்சியையும் கைவிடுவார்கள். நலமான பிறகும் 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்ந்து, பிறகு டாக்டர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறைப்பதே வழக்கம். பயிற்சி நன்றாகப் போகிறது என்பது அந்தப் பேச்சில் டாக்டருக்குப் பயன்படும் தகவல்; நிறுத்துவதற்கான உத்தரவு அல்ல. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் சாப்பிடுபவர்கள் வெயில் காலத்தில் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்தால், உடம்பில் நீரும் உப்பும் குறைந்து மருந்தின் அளவு ரத்தத்தில் ஆபத்தாக ஏறலாம், டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக்கூடாது. துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் சாப்பிடுபவர்களுக்கு இதயத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, அதனால் துடிப்பை வைத்து உழைப்பை அளக்க முடியாது. கியூட்டியாபின் போன்ற மனநல மருந்துகள் எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கும். சாக வேண்டும் என்ற எண்ணம், குரல் கேட்பது, பல நாள் தூக்கமின்றி அளவு கடந்த உற்சாகம், உணவைக் குறைத்து ஓயாமல் பயிற்சி செய்யும் கட்டாயம் ஆகியவை இருந்தால் முதலில் மனநல மருத்துவர், பிறகுதான் பாய். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கலாம். நள்ளிரவானாலும் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

வகுப்புக்குத் திரும்பிப் போகும் வெட்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அது தெரிகிறது. நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் பயிற்சியாளருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "மேடம், அன்னைக்கு ஹண்ட்ரட் செய்யும்போது எனக்குப் படபடப்பு வந்துச்சு. அதுக்கு சிகிச்சை எடுத்துட்டிருக்கேன். 4 வாரம் வீட்டில் அடிப்படை செய்துட்டு வர்றேன். வந்ததும் தலையைத் தரையில வச்சே ஆரம்பிக்கலாம், 20 எண்ணம் போதும். நான் கை காட்டினா எண்ணி முடிச்சுட்டு உட்கார்ந்துக்குவேன், எதுவும் கேக்க வேண்டாம்."